மாலை பிறகு, மைதானம் முதலில்!

மேடை போடுகிறார்கள், தோரணம் கட்டுகிறார்கள், ஒலிபெருக்கி முழங்குகிறது. அந்த நாள் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக அழைக்கப்படுகிறார்கள். ஒருவருக்குக் கைத்தடி துணை. இன்னொருவருக்குப் பேரன் தோள் துணை. பொன்னாடை விழுகிறது, படக்கருவி மின்னுகிறது. "நாடு உங்களை மறவாது!" என்று அமைச்சர் பெருமான் முழங்குகிறார். கைத்தட்டல் மண்டபத்தை அதிர வைக்கிறது. மறுநாள்? பொன்னாடை பெட்டிக்குள் போகிறது. கேடயம் அலமாரியில் தூசி சேர்க்கிறது. மருந்துக்கடைக் கணக்கு மட்டும் மாறாமல் நிற்கிறது.

பாராட்டு விழாவே வேண்டாம் என்கிறோமா? இல்லை. நாட்டுக்குப் புகழ் தேடித் தந்தவனைப் பாராட்டாத நாடு நாடல்ல. செய்ந்நன்றி அறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். ஆனால் நன்றி என்பது ஒருநாள் மாலையில் முடிந்துவிடும் சடங்கா? அதுதான் நம் கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தேட நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. ஐதராபாத்துக்குப் போனால் போதும்.

ஐதராபாத் என்றதும் சார்மினார் நினைவுக்கு வரும். நிஜாமின் கருவூலம் நினைவுக்கு வரும். அந்த நகரம் ஒரு காலத்தில் இந்தியக் கால்பந்தின் தாய்வீடாக இருந்தது என்பது இன்று எத்தனை இளைஞர்க்குத் தெரியும்? தாய்வீடு என்பது வெறும் புகழ்ச்சி அல்ல. கணக்கைப் பாருங்கள்.

பம்பாயிலே ரோவர்ஸ் கோப்பை. பெரிய பெரிய கழகங்கள் மோதும் களம். அந்தக் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வேறெவரும் தொட முடியாதபடி தூக்கி வந்தது ஓர் அணி. செல்வச் சீமான்களின் அணியா? அல்ல, ஐதராபாத் நகரக் காவல்துறையின் அணி! அதே 1950இல் டில்லியில் நடந்த டூரண்ட் கோப்பை இறுதியாட்டத்தில், கல்கத்தாவின் பெருமைக்குரிய மோகன் பகானை வீழ்த்திய அணியும் அதுவே. மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் கோப்பையை 1956-57, 1957-58 என அடுத்தடுத்து இரண்டு பருவங்களில் வென்றது ஐதராபாத். மொழிவாரி மாநிலம் அமைந்தபின் 1965-66இல் ஆந்திரப் பிரதேசம் என்ற பெயரில் மீண்டும் வென்றது.

இந்த வெற்றிகளுக்குப் பின்னால் இருந்தவர் யார்? பெருநிலக்கிழார் அல்ல, பட்டம் பதவி சுமந்தவர் அல்ல. ஒரு பள்ளிக்கூட ஆசிரியர்! 1909இல் பிறந்து, உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொண்டிருந்த சையது அப்துல் ரகீம்.

ரகீம் 1943இல் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். 1950இல் நகரக் காவல்துறை அணியின் பயிற்சியாளரானார். ஆசிரியர் அல்லவா? பந்தாட்டத்தையும் பாடமாகவே நடத்தினார். பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு வித்தை காட்டுவதே ஆட்டம் என்று எல்லோரும் எண்ணியிருந்த காலத்திலே, பந்தை வைத்துக்கொள்ளாதே, வந்தவுடன் தோழனுக்குக் கொடு என்று கற்பித்தார். அதற்கென்றே, பந்தை உருட்டிக்கொண்டு ஓடக் கூடாது என்ற விதியோடு போட்டிகள் நடத்தினார். வலக்காலனுக்கு இடக்கால் வர வேண்டும், இடக்காலனுக்கு வலக்கால் வர வேண்டும் என்று, வராத காலால் மட்டுமே ஆடும் போட்டிகளையும் வைத்தார். ஒருவன் சிறந்தால் போதாது, பதினொருவரும் ஓருடலாக இயங்க வேண்டும் என்பதே அவர் தந்த பாடத்தின் சாரம்.

அந்தப் பாடசாலையின் விளைச்சலை இந்திய நாடே உண்டது. 1951இல் டில்லியில் முதல் ஆசிய விளையாட்டு. இறுதியில் ஈரானை ஒன்றுக்குச் சுழி என்று வென்று தங்கம் பெற்றது இந்தியா, பயிற்சியாளர் ரகீம். மறு ஆண்டு ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா பத்துக் கோல்கள் போட்டு நம்மைப் பந்தாடியது; நாம் போட்டது ஒன்று. வெறுங்காலோடு ஆடிய நம்மவர் வழுக்கும் குளிர்மண்ணில் என் செய்வர்? அந்தத் தோல்விக்குப் பிறகுதான் காலணி கட்டாயமாயிற்று. துவண்டு போகவில்லை ரகீம். நான்கே ஆண்டுகள். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக். ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4-2 என்று வென்றது இந்தியா. அந்த நான்கில் மூன்று நெவில் டிசூசா போட்டவை. ஒலிம்பிக் கால்பந்தின் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய அணி என்ற பெயர் கிடைத்தது. நான்காம் இடத்தோடு திரும்பியது அணி. அந்த உயரத்தை இந்தியக் கால்பந்து அதற்குப் பிறகு இன்றுவரை எட்டவில்லை!

மெல்போர்ன் சென்ற அந்த அணியிலே ஐதராபாத்துக்காரர்கள் எத்தனை பேர் பாருங்கள்: அஜீசுத்தீன், நூர் முகமது, அகமது உசேன், சுல்பிகாருத்தீன், துளசிதாஸ் பலராம், பீட்டர் தங்கராஜ். உலக அரங்கிலே நின்ற அணியின் முதுகெலும்பு ஒரே நகரத்தில் உருவாகியிருந்தது.

தங்கராஜ், பலராம் — இந்த இரு பெயர்களையும் படிக்கும்போது தமிழ் நெஞ்சம் சற்றே நிமிரும். நிமிரட்டும், உரிமையுண்டு! படைமுகாம் நகரமான செகந்திராபாத்தில் நெடுங்காலமாகவே தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. அந்த நகரின் ஓரத்திலே அம்முகூடா என்ற சிற்றூரில் தமிழ்ப் பெற்றோர்க்கு 1936இல் பிறந்தவர் பலராம். ஏழ்மை வீடு. ஊரிலிருந்து ஐதராபாத் மைதானத்துக்குப் பயிற்சிக்கு வர வழிச்செலவுக்குக்கூட வகையில்லை. பையனின் ஆட்டத்தைக் கண்ட ரகீம் என்ன செய்தார்? 'திறமையுள்ளவன் எப்படியாவது வருவான்' என்று இருந்துவிடவில்லை. வாடகை சைக்கிளுக்குத் தாமே காசு கொடுத்து வரச் செய்தார்!

சைக்கிள் வாடகை! எவ்வளவு சிறிய தொகை! ஆனால் அந்தச் சிறு காசிலிருந்து இந்தியாவுக்குக் கிடைத்தது என்ன? 1956, 1960 என இரண்டு ஒலிம்பிக்கில் ஆடிய வீரன். ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராக ஒன்று, பெருவுக்கு எதிராக ஒன்று என இரண்டு கோல் போட்ட வீரன். சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம் என்று மூவரையும் ஒரே மூச்சில் சொல்லும்படி புகழ் நாட்டிய வீரன். பாராட்டு விழாவில் போடும் பொன்னாடையின் விலையையும் அந்தச் சைக்கிள் வாடகையையும் தராசில் வைத்துப் பாருங்கள், எது கனக்கும்?

தங்கராஜின் கதையும் கேட்கத் தக்கது. 1935இல் பிறந்தவர். செகந்திராபாத்தின் சிறு கழகங்களில் முன்வரிசை ஆட்டக்காரராகத் தொடங்கி, படையில் சேர்ந்து, வெலிங்டனில் உள்ள மதராஸ் படைப்பிரிவு மைய அணியிலே கோல் காப்பாளராக மாறினார். நீலகிரி மலையிலிருந்து இறங்கி வந்த அந்தப் படைவீரர் அணி 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. இந்தியாவின் கோல் வாயிலில் சுவர்போல் நின்றவர் தங்கராஜ்.

அந்தச் சுவரின் பெருமை தெரிய வேண்டுமானால் 1962இல் ஜகார்த்தாவுக்குப் போக வேண்டும். ஆசிய விளையாட்டு. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்காததை இந்திய விளையாட்டு அதிகாரி ஒருவர் கண்டித்தமையால் அங்கே மக்கள் கொதித்துப் போயிருந்தனர். இந்திய அணி களத்திலே கால் வைத்தால் கூச்சல். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் தோல்வி. பின்வரிசைத் தூண் ஜர்னைல் சிங்குக்குத் தலையிலே காயம், தையல். அணியை நடத்திய ரகீமின் உடலிலோ கொடிய நோய். எந்த மனிதனும் மனம் தளரும் வேளை. ஆனால் தலையில் கட்டோடு நின்ற ஜர்னைலை முன்வரிசைக்கு அனுப்பினார் ரகீம். இறுதியாட்டத்துக்குத் தங்கராஜைக் கோல் வாயிலில் நிறுத்தினார். 1962 செப்டம்பர் 4. அதே தென் கொரியா. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று என 20 நிமிடத்துக்குள் இரண்டு கோல். எதிரிக்கு ஒன்றே ஒன்று. தங்கம் இந்தியாவுக்கு! ஐதராபாத்தின் யூசுப் கானும் அப்சலும் அந்த அணியிலே இருந்தனர், பலராமும் இருந்தார்.

ஒன்பது மாதங்கள் கழித்து, 1963 ஜூன் 11 அன்று, நுரையீரல் புற்றுநோய் ரகீமைக் கொண்டு போயிற்று. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்குப் பிறகு இந்தியாவுக்குத் தங்கம் கிடைக்கவே இல்லை.

இப்போது சொல்லுங்கள், இந்த மாமனிதருக்கு நாடு என்ன செய்தது? உயிரோடிருந்த நாளில் பத்ம விருது எதுவும் அவர் வாசலுக்கு வரவில்லை. பயிற்சியாளர்க்கென்று துரோணாச்சாரியா விருது தோன்றியது 1985இல். அதற்குள் ரகீம் மறைந்து 22 ஆண்டுகள் ஓடிவிட்டன. அவர் வாழ்க்கையை வைத்து 'மைதான்' என்று ஒரு திரைப்படம் 2024இல் வந்தது. 61 ஆண்டுகள் கழித்துத்தான் நாட்டின் பெரும்பகுதி அவர் பெயரைக் கேட்டது! பலராமுக்கு 1962இல் அர்ஜுனா விருது கிடைத்தது. அடுத்த ஆண்டே, இருபத்தாறு இருபத்தேழு வயதில், நோயால் ஆட்டத்தை விட்டார். மூவரில் கோஸ்வாமிக்கு 1983இலும் பானர்ஜிக்கு 1990இலும் பத்மஸ்ரீ கிடைத்தது. மூன்றாமவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. கங்கைக்கரையில் உத்தர்பாராவிலே தனியே வாழ்ந்து, 2023 பிப்ரவரி 16 அன்று கண் மூடினார் பலராம்.

ஒருவர்க்குக் கிடைத்தது, மற்றவர்க்குக் கிடைக்கவில்லை என்று பொருமுவதல்ல நம் நோக்கம். தகுதியுடையோர்க்கே கிடைத்தது; மகிழ்ச்சி. நாம் சுட்டிக் காட்ட விரும்புவது வேறு. அந்த ஐதராபாத் படை எப்படித் தோன்றியது? விருது கொடுத்தா தோன்றியது? இல்லை! மூன்று பொருள்கள் அங்கே இருந்தன. ஒன்று: ஆட மைதானம். இரண்டு: கற்றுக் கொடுக்க ஆசிரியர். மூன்று: காவல்துறையில் வேலை. ஆம், வேலை! ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. வீட்டில் உலை கொதித்தது. அவன் கவலையின்றிக் களத்தில் ஓடினான். பதக்கம் வந்தபின் கிடைத்த வேலையல்ல அது. பதக்கத்தைக் கொண்டு வந்த வேலை!

அந்த மூன்றும் மெல்ல மெல்லத் தேய்ந்தன. அதன் பிறகும் தனி மலர்கள் பூத்தன, மறுக்கவில்லை. சையது நயீமுத்தீன் தலைமையில் இந்தியா 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றது. அந்த அணியிலே ஆடிய முகமது ஹபீப், 1977இல் கல்கத்தாவுக்குப் பெலே வந்தபோது மோகன் பகானுக்காகக் கோல் போட்டவர். அவரும் 2023 ஆகஸ்ட் 15 அன்று மறைந்தார். ஷபீர் அலி வந்தார். விக்டர் அமல்ராஜ் வந்தார். ஆனால் இவர்களெல்லாம் புகழ் பெற்றது எங்கே? பெரும்பாலும் கல்கத்தாவின் கழகங்களில்! விதை ஐதராபாத்தினுடையது, அறுவடை வங்காளத்தினுடையது. 1965-66க்குப் பின் சந்தோஷ் கோப்பை அந்த மண்ணுக்குத் திரும்பவே இல்லை. 2024 டிசம்பரில் அந்தக் கோப்பையின் இறுதிச் சுற்றே ஐதராபாத்தில் நடந்தது; கோப்பையை வங்காளம் எடுத்துச் சென்றது. ஐதராபாத் பெயர் தாங்கிய தொழில்முறைக் கழகம் ஒன்று 2022இல் இந்தியன் சூப்பர் லீக்கை வென்று நம்பிக்கை ஊட்டியது. 2025இல் அந்தக் கழகமும் டில்லிக்குப் பெயர்ந்து போயிற்று!

"காலம் மாறிவிட்டது, கால்பந்து போய்விட்டது, என்ன செய்வது?" என்று கைவிரிப்போர் உண்டு. அவர்களுக்கு அதே நகரத்திலிருந்தே விடை தருவோம். பூப்பந்தாட்டத்தைப் பாருங்கள். எஸ்.எம். ஆரிப் என்ற பயிற்சியாளர் பல்லாண்டு பாடுபட்டு ஆட்டக்காரர்களை ஆக்கினார். அவரிடம் பயின்றவர் புல்லேலா கோபிசந்த். 2001இல் அகில இங்கிலாந்துப் பட்டத்தை வென்ற கோபிசந்த், கச்சிபௌலியில் பயிற்சிக்கூடம் கட்ட முனைந்தபோது அரசு நிலம் தந்தது. விளைவு? 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சாய்னா நேவாலுக்கு வெண்கலம். 2016 ரியோவில் சிந்துவுக்கு வெள்ளி! மண் அதே மண். மக்கள் அதே மக்கள். மைதானமும் ஆசிரியரும் கிடைத்த இடத்திலே பதக்கம் விளைந்தது; கிடைக்காத இடத்திலே பழம்பெருமை மட்டும் எஞ்சியது. இதைவிடத் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்?

தெலங்கானா அரசு 2024இல் குத்துச்சண்டை உலகச் சாம்பியன் நிகத் சரீனுக்கும் கிரிக்கெட் வீரர் முகமது சிராஜுக்கும் காவல்துறையில் துணைக் கண்காணிப்பாளர் பதவி தந்தது. வரவேற்கிறோம். வென்று வந்தவரைப் போற்றும் நல்ல செயல். ஆனால் ஒன்று கேட்கிறோம். உலகை வென்று வந்தவனுக்கு வேலை தருவதோடு, உலகை வெல்லக் கூடியவனுக்கும் வேலை தர வேண்டாமா? 1950இல் காவல்துறை செய்தது அதைத்தானே?

எனவே, தம் மாநிலத்தின் கால்பந்து மாவீரர்களையும் பிற விளையாட்டுத் தொண்டர்களையும் போற்ற எண்ணும் எந்த அரசுக்கும் — தெலங்கானாவாயினும், வங்காளமாயினும், கேரளமாயினும், நம் தமிழ்நாடாயினும் — சில சொல்வோம்.

முதலாவது, பட்டியலை முழுமையாக்குங்கள். கோல் போட்டவன் பெயர் ஏட்டில் ஏறுகிறது. கோலைத் தடுத்தவன் பெயர் சில வேளை ஏறுகிறது. மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டவன் பெயர்? மழைநீரை வாரி இறைத்தவன் பெயர்? ஊதலோடு ஓடி, இரு தரப்பின் வசையையும் வாங்கிக்கொண்ட நடுவர் பெயர்? ரகீமின் மகன் எஸ்.எஸ். ஹக்கீம் 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்தவர், பின்பு சர்வதேச நடுவராகப் பணிபுரிந்தவர், பயிற்சியாளராக உழைத்தவர். ஒரே வாழ்க்கையில் மூன்று தொண்டு! 2017இல் அவருக்குத் தியான்சந்த் விருது கிடைத்தது; நான்கு ஆண்டுகளில், 2021இல், காலமானார். அவராவது விருதைக் கையில் வாங்கினார். கடைக்கோடிப் பள்ளியில் முப்பதாண்டு பந்து ஊதிக் கொடுத்த உடற்பயிற்சி ஆசிரியர்க்கு எந்த மேடையில் நாற்காலி?

இரண்டாவது, உயிரோடிருக்கும்போதே செய்யுங்கள். இரங்கல் தீர்மானம் எழுதும் பேனா, ஓய்வூதிய ஆணை எழுதவும் பயன்படட்டும். முதிய ஆட்டக்காரனுக்கு மாதந்தோறும் ஒரு தொகை, மருத்துவமனையில் கட்டணமில்லாப் படுக்கை — இவை சலுகையல்ல, கடன். அந்த முழங்கால்கள் தேய்ந்தது நமக்காக!

மூன்றாவது, மைதானத்தைக் காப்பாற்றுங்கள். ஐதராபாத்தின் பதே மைதானத்துக்கு 1967இல் லால் பகதூர் விளையாட்டரங்கம் என்று பெயர் சூட்டினார்கள். பெயர் சூட்டுவது எளிது. வீரர்களின் பெயரைச் சாலைக்குச் சூட்டுங்கள், சதுக்கத்துக்குச் சூட்டுங்கள், தடையில்லை. ஆனால் அந்தச் சாலையோரத்துப் பிள்ளை பந்தை உதைக்க ஒரு வெற்றிடம் இல்லையென்றால், அந்தப் பெயர்ப்பலகை யாருக்குப் பெருமை? காலி நிலமெல்லாம் கடைவீதியாகவும் அடுக்குமாடியாகவும் மாறும் நகரத்திலே, கட்டணமில்லாத ஒரு பொது மைதானமே வீரனுக்கு எழுப்பும் மெய்யான நினைவுச்சின்னம்.

நான்காவது, சைக்கிள் வாடகையை மறவாதீர்கள். இன்றைய பலராம் எங்கோ ஒரு சேரியிலே, ஒரு மீனவர் குப்பத்திலே, ஒரு மலையடிவாரத்திலே, கிழிந்த பந்தை உதைத்துக் கொண்டிருக்கிறான். பேருந்துக் கட்டணம், ஒரு சோடிக் காலணி, ஒரு வேளை நல்ல சாப்பாடு. அவனுக்கும் உலகுக்கும் இடையே நிற்பவை இவ்வளவுதான். இவற்றைத் தருவதற்கு ஒரு ரகீம் தம் பையைத் துழாவ வேண்டிய நிலை ஏன்? அரசு எதற்கு இருக்கிறது? பள்ளி எதற்கு இருக்கிறது?

கால்பந்து ஏழையின் ஆட்டம். மட்டை வேண்டாம், வலை வேண்டாம். ஒரு பந்தும் ஒரு வெளியும் போதும். அதனால்தான் பள்ளி ஆசிரியரும், காவலரும், படைவீரரும், சிற்றூர்ப் பையனும் சேர்ந்து ஆசியாவையே வென்று காட்ட முடிந்தது. அவர்கள் கோயிலில் ஒன்றாய் வழிபட்டவர்கள் அல்லர். வீட்டில் ஒரே மொழி பேசியவர்கள் அல்லர். அப்சலும் அஜீசும் பலராமும் தங்கராஜும் ஜர்னைலும் பானர்ஜியும் ஒரே சட்டை அணிந்து ஒரே பந்தைத் துரத்தினார்கள். ஒற்றுமை பற்றி ஆயிரம் மேடைகளில் பேசுவதை, தொண்ணூறு நிமிடத்தில் செய்து காட்டினார்கள்.

அவர்களைப் போற்றுவோம்; மனமாரப் போற்றுவோம். மாலையும் சூட்டுவோம். ஆனால் மைதானம் முதலில், ஆசிரியர் முதலில், அடுப்பெரிய ஒரு வேலை முதலில்! அந்த மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். பட்டியலில் சேர்க்கப் புதுப்பெயர்கள் தாமாகவே வரும்.